எலிக்கு ஆன்டிபாடி ஏறியது, சரி. எந்த ஆன்டிபாடி?

"எலிகளில் ஆன்டிபாடி பல மடங்கு கூடியது" என்று ஒரு தடுப்பூசிச் செய்தி வந்தால் போதும், ஆளாளுக்குப் பகிர்ந்து தள்ளுகிறார்கள். எந்த எலி, எந்த வகை ஆன்டிபாடி என்று கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு எரிச்சலே அங்கேதான்.

கக்குவான் இருமல் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊசியில் கிருமியைக் கொன்று முழுசாக அப்படியே போடுவார்கள். புதியதில் அதன் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து அலுமினிய உப்போடு சேர்த்திருப்பார்கள். எதைப் போட்டாலும் எலிக்கு ஆன்டிபாடி வரும். ஆன்டிபாடியை அளக்கும் 96 குழித் தட்டில் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) இரண்டிரண்டு மடங்காக நீர்க்கவைத்துக்கொண்டே போய், கடைசியில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகுமே, அந்த மஞ்சள் எந்தக் குழி வரை எட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டு ஊசியும் ஒன்றுபோலவே தெரியலாம். வகை பிரித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். முழுக்கிருமி ஊசியில் ஐஜிஜி2ஏ என்ற ஆன்டிபாடி வகை நன்றாக ஏறும், புரத ஊசியில் ஐஜிஜி1 தான் மேலோங்கும். கிருமியை அழிக்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை அதன் மேல் ஏவுவதில் ஐஜிஜி2ஏ கெட்டி, ஐஜிஜி1 மந்தம்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ் என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள். முத்தடுப்பூசியில் கூடவே இருக்கும் டிப்தீரியா, டெட்டனஸ் பகுதிகளுக்கும் முழுக்கிருமி சேர்ந்தால் ஆன்டிபாடி கூடுவது 1940களிலேயே தெரிந்த சங்கதி. (ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடிப்பதிலும் இதே எல்பிஎஸ்ஸுக்குப் பங்கு உண்டு, அந்தப் பலன் சும்மா கிடைக்கவில்லை.) சி3ஹெச்/ஹெச்இஜே என்ற எலி இனத்துக்கு எல்பிஎஸ் ஏன் உறைப்பதே இல்லை என்று தேடிப்போய்த்தான் 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு எல்பிஎஸ்ஸை உடல் உணரத் தேவையான டிஎல்ஆர்4 மரபணுவைப் பிடித்தது, 2011-இல் அவருக்கு நோபலும் வந்தது. அந்த எலிகளிடம் முழுக்கிருமி ஊசியின் பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது. ஒரே ஊசிதான், எலி மாறினால் முடிவும் மாறுகிறது.

இன்னொரு கூத்து: ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57பிளாக்6 எலிக்கு ஐஜிஜி2ஏ மரபணுவே கிடையாது, அதற்குப் பதில் ஐஜிஜி2சி. இது தெரியாமல் 2ஏ-வைத் தேடி அளந்துவிட்டு "குறைவாக இருக்கிறது" என்று எழுதினால் என்ன சொல்ல?

எலியில்தானே என்று விடவும் முடியாது. 2014-இல் வெளியான பபூன் குரங்கு ஆய்வில் புரத ஊசி போட்டவற்றுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி தாராளமாக இருந்தது, நோயும் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி குடியேறியது, பக்கத்துக் குரங்குக்கும் தொற்றியது.