உறக்கத்திலும் விடை சொல்லும் நான்

"வெறும் கனவுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. உறங்கும்போது நாம் இல்லாமல் போய்விடுகிறோம், மூளை பாட்டுக்கு எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறது, பார்க்க ஆளில்லை என்ற எண்ணம்தான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஆள் இருக்கிறார். அதற்குச் சான்று கிடைத்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

கனவு மிகுந்து வரும் உறக்க நிலையில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும்; கண்களை அசைக்கும் தசைகள் அதற்கு விதிவிலக்கு. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். தான் காண்பது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர் ஆலன் வொர்ஸ்லி. அது தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூளை அலைகள் உறக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அந்தக் கண்ணசைவு பதிவுத்தாளில் வரிசையாக விழுந்தது. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே நிறுவினார்.

2021இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வகங்கள் உறங்குகிறவர்களிடமே கேள்வி கேட்டன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு? உறங்கிக்கொண்டிருந்தவரின் கண்கள் இரண்டு முறை இடம்வலமாகப் போய் வந்தன. எல்லோரும் பதில் சொல்லிவிடவில்லை. பெரும்பாலான முயற்சிகளில் மறுமொழியே வரவில்லை. ஆனால் வந்த விடைகளுக்குள் ஒருவர் இருந்தார்: கேட்டார், கழித்தார், முன்பே பேசிய ஏற்பாட்டை நினைவில் வைத்திருந்தார். வியப்பு என்னவென்றால், சிலர் எழுந்தபின் கேள்வியையே மாற்றிச் சொன்னார்கள். கனவில் சரியாக இருந்தது, விழித்ததும் பிசகிவிட்டது.

இவர்கள் பயிற்சி உள்ளவர்கள், நம்முடைய அன்றாடக் கனவு அப்படியில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அப்பா இறந்த பிறகு ஒரு கனவில் வாசற்படியில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். உப்புத்தாளால் ரப்பரைத் தேய்த்து, பசை தடவி, அது காய்வதற்காக வாயால் ஊதினார். "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று கேட்டேன். "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்றார். இறந்தவர் எப்படி வந்தார் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. ஆனால் பசையின் வாடை தெரிந்தது, அவர் சாப்பிடவில்லையே என்ற கவலை நெஞ்சில் இருந்தது. அந்தக் கவலையைப் பட்டது யார்?

நான்தான். அங்கே குறைந்திருந்தது உணர்வு அல்ல, சரிபார்க்கும் திறன். 1990களில் எடுக்கப்பட்ட மூளைப் படங்களும் அதற்கு ஒத்துப்போகின்றன. அந்த உறக்க நிலையில் உணர்ச்சி சார்ந்த பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்க, எடைபோட்டுப் பார்க்க உதவும் முன்மூளைப் பகுதிகள் தணிந்திருக்கின்றன. ஆகவே வயது, தேதி, யார் உயிரோடு இருக்கிறார் என்ற கணக்கெல்லாம் கழன்றுபோன பிறகும் "நான்" மிஞ்சுகிறது என்பதே என் கருத்து. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று ஐந்தாகப் பிரித்த சைவ சித்தாந்திகள் கனவை ஒதுக்காமல் உயிரின் ஒரு நிலையாகவே வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கனவே இல்லாத ஆழ்ந்த உறக்கம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "சுகமாக உறங்கினேன்" என்று காலையில் சொல்கிறோமே, அந்தச் சுகத்தை அறிந்தவன் ஒருவன் அங்கே இருந்தாக வேண்டும் என்பது வேதாந்திகளின் வாதம். எழுந்தபின் கேள்வியையே மாற்றிச் சொன்னவர்களைப் பற்றிப் படித்த பிறகு, காலையில் சொல்லும் சாட்சியத்தை மட்டும் நம்பி அதை ஏற்க என்னால் இயலவில்லை. கண்ணசைவும் வராத அந்த இடத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது?