நாட்களை எண்ணியது போதும், மீனை அளக்கும் சட்டம் வேண்டும்

2025 நவம்பரில் மத்திய அரசு பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கான (12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரையிலான கடல்) மீன்பிடி விதிகளை வெளியிட்டபோது எங்கள் கரையில் எல்லோரும் பேசியது அனுமதிச் சீட்டைப் பற்றித்தான். யார் வாங்க வேண்டும், நாட்டுப்படகுக்கு விலக்கு உண்டா, ஆன்லைனில் யார் பதிந்து தருவார்கள், இதே பேச்சு. அதே விதிகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எந்த மீனை எவ்வளவு நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கப்படும், மாநில அரசுகளையும் கலந்து மேலாண்மைத் திட்டம் வகுக்கப்படும் என்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் அதைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

மத்திய அரசின் கை 12 கடல் மைலுக்கு அந்தப் பக்கம்தான் நீளும். கரையிலிருந்து 12 மைல் வரை மாநிலத்தின் பொறுப்பு. அரசியல் சாசனத்திலேயே மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் சாளையும் (மத்தி) காரலும் நண்டும் இறாலும் பெரும்பாலும் இந்த 12 மைலுக்குள்தான் கிடக்கின்றன, குஞ்சுகள் வளர்வதும் இங்கேதான். அந்தப் பக்கம் அளவு பார்த்துப் பிடி, இந்தப் பக்கம் கிடைத்ததை அள்ளு என்று ஆகிவிட்டால் அந்த விதியால் ஒரு பயனும் இல்லை. ஆகவே தமிழ்நாடு தன் கடலுக்குத் தானே அளவு எழுத வேண்டும், டெல்லி எழுதட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நம்முடைய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. அன்று அதற்குத் தேவை இருந்தது. இழுவைப் படகுகள் கரையை ஒட்டி வந்து நாட்டுப்படகுக்காரர் போட்ட வலையை அறுத்துக்கொண்டு போயின. அடிதடி, உயிர்ச்சேதம் எல்லாம் நடந்தது. அந்தச் சண்டையை நிறுத்தத்தான் சட்டமே பிறந்தது. அதனால் அதன் விதிகள் பெரும்பாலும் யார், எங்கே, எப்போது என்பதையே பேசுகின்றன. கரையோரக் கடலுக்குள் விசைப்படகு வரக் கூடாது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. தூத்துக்குடியில் விசைப்படகு காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும், கடலில் தங்கக் கூடாது. இரட்டை மடி, அதாவது இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது, கூடாது. மீன் கூட்டத்தையே வளைத்து அடியில் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையை 2000-லேயே தடை செய்தாகிவிட்டது. அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை விதிகளுக்கும் உட்பட்டு ஒரு படகு நேர்மையாகத் தொழில் செய்தாலும், அது கரைக்குக் கொண்டு வரும் மீனில் பாதி குஞ்சாக இருந்தால் கேட்க நாதி இல்லை. வலைக்கண் அளவுக்கு விதி உண்டு. ஆனால் படகு கரைக்கு வந்த பிறகு மீனை எடுத்து அளந்து பார்த்த ஒருவரையும் நான் எங்கள் துறைமுகத்தில் கண்டதில்லை.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம் எந்தத் துறைமுகத்துக்காவது போய் நின்று பாருங்கள். நல்ல மீன் எல்லாம் ஐஸ் போட்ட பெட்டியில் ஏலக்கூடத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், படகின் தளத்தில் கிடப்பதைப் பாருங்கள். நாங்கள் அதைச் சங்காயம் என்போம். ஐஸ் கிடையாது, பெட்டி கிடையாது, மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் கொட்டுவார்கள். குனிந்து ஒரு கைப்பிடி எடுத்து விரித்தால் விரல் நீளத்துக்குச் சங்கரா, கண் மட்டும் பெரிதாகத் தெரியும் கணவாய்க் குஞ்சு, ஓடு கெட்டிப்படாத நண்டு, தண்ணிப்பன்னா, காரல், இறால் பொடி. சில நாள் கடற்குதிரைகூடக் கிடக்கும். 2001 முதல் அதைப் பிடிப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆனால் இழுவை மடிக்கு அது தெரியாதே. எல்லாம் ஒன்றாகக் குழைந்து தண்ணீர் சொட்டச் சொட்ட லாரியில் ஏறும். அங்கிருந்து கருவாட்டுக் களத்துக்கும் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகும். அந்தச் சங்கரா இன்னும் சில மாதம் கடலில் இருந்திருந்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பாகியிருக்கும். அதற்கு முன் ஒரு தடவையாவது முட்டை விட்டிருக்கும்.

61 நாள் கடலை மூடி வைக்கிறோம். படகுக்காரர் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, முன்பு 5,000 தான். அந்த இரண்டு மாதத்தில் பொரித்து வளர்ந்த குஞ்சை ஜூன் 15-ம் தேதி முதல் மண்வெட்டியால் அள்ளுகிறோம். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தடைக்காலத்தையே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் பல வருடமாக இருக்கிறது. ஏப்ரல், மே எங்கள் பக்கத்து மீனுக்குச் சினைக்காலமே இல்லை, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடுங்கள் என்று தென் மாவட்ட மீனவர்கள் பலர் கேட்கிறார்கள். கோரிக்கையில் அர்த்தம் இருக்கிறது. மேற்கு வங்கம் முதல் கன்னியாகுமரி வரை ஒரே தேதியை எழுதிவைத்தால் எல்லாக் கடலுக்கும் அது எப்படிப் பொருந்தும்? கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை வேறு தேதி, ஏனென்றால் அது அரபிக்கடல் கணக்கு. ஆனால் தேதியை மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நம்முடையது வெப்பமண்டலக் கடல். இங்கே ஏதாவது ஒரு மீன் எப்போதும் சினையாகத்தான் இருக்கும், எந்த இரண்டு மாதத்தை மூடினாலும் மிச்சப் பத்து மாதம் வேறு ஏதோ ஒரு மீனின் குஞ்சு வலைக்குள் வரும். அளவு விதி என்றால் வருடம் முழுக்க ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகக் காக்கும்.

கேரளாவில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே முதலில் 2015-ல் சில இனங்களுக்கு அளவு வைத்தார்கள், பிறகு அதை 58 இனங்களாக ஆக்கினார்கள். சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த மீனோடு வந்த படகுகளைப் பிடித்து அபராதம் போட்டிருக்கிறார்கள், மீனைத் திரும்பக் கடலில் கொட்டவும் செய்திருக்கிறார்கள். அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது சாளைதான். 2012-ல் கேரளக் கரையில் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் சாளை வந்திறங்கியது. 2021-ல் வெறும் 3,297 டன். எழுத்துப் பிழை இல்லை, லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு வந்துவிட்டது. முழுப் பழியையும் குஞ்சு பிடித்தவர்கள்மேல் போட முடியாது. கடல் சூடேறியதும் எல் நினோ என்ற பசிபிக் கடல் வெப்ப மாற்றமும் சேர்ந்துதான் சாளையை அடித்தன என்று கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது. ஆனால் கடலின் சூட்டை நம்மால் குறைக்க முடியாது. குஞ்சை விட்டுவைக்க முடியும். அளவு விதி வந்த பிறகு கிளிமீன், அதாவது நம் சங்கரா வகை, கேரளாவில் கூடியிருப்பதாகவும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிராவும் 2023-ல் 54 இனங்களுக்கு அளவு அறிவித்தது. 1,076 கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கிற நாம் எதற்குத் தயங்க வேண்டும்?

விசைப்படகுக்காரர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "மடியை இழுத்துத் தளத்தில் கொட்டின பிறகு குஞ்சு செத்துப்போச்சு. அதைக் கடலில் வீசினால் உயிர் வருமா? நான் என்ன வலைக்குள்ளே போய் எண்ணியா எடுக்க முடியும்?" நியாயமான கேள்வி. வீசியெறிய வைக்கிற சட்டம் முட்டாள்தனமான சட்டம். குஞ்சு தளத்துக்கு வராமல் தடுக்கிற சட்டம்தான் வேண்டும். அதற்கு மடியின் கடைசிப் பையைப் பார்க்க வேண்டும். சாதாரண மடியில் கண் சாய்சதுரமாக இருக்கும். படகு இழுக்க இழுக்க, உள்ளே மீன் சேரச் சேர, அந்தக் கண்கள் நீண்டு மூடிக்கொள்ளும். கடையில் வாங்கும்போது அளந்த கண், கடலுக்குள் அந்த அளவில் இருக்காது. சதுரக் கண் வைத்த பை அப்படி இல்லை, இழுத்தாலும் திறந்தே நிற்கும், பொடி மீன் வழியிலேயே வெளியே போய்விடும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்களே பல வருடமாகச் சொல்லி வருகின்றன. மடியை மாற்றுகிற செலவை அரசு ஏற்க வேண்டும். டீசலுக்கு மானியம் கொடுக்கிற அரசுக்கு ஒரு பையைக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

எங்கள் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். அளவு விதி பற்றிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க வலையிலே அது எப்பவும் இருக்கே" என்றார். உண்மைதான். செவுள் வலையில் சாளைக்கு ஒரு கண், சீலாவுக்கு ஒரு கண் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பெரிய கண் வலையில் சின்ன மீன் தலையை விட்டு அந்தப் பக்கம் நீந்திப் போய்விடும். சரியான அளவு மீன்தான் செவுளில் மாட்டும். அதனால் இந்த விதியால் நாட்டுப்படகுக்காரருக்குப் பெரிதாக நட்டம் வராது. ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. விதி என்று ஒன்று வந்தால் அதிகாரி முதலில் பிடிப்பது கூடையில் நாலு கிலோ மீனோடு பஸ் ஏறும் அக்காவைத்தான். ஆலைக்குப் போகிற லாரியை யாரும் நிறுத்த மாட்டார்கள். அப்படி நடந்தால் இந்த விதியை நானே எதிர்ப்பேன்.

ஆகையால் சோதனை முதலில் வாங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். மீன்மாவு ஆலை எதை வாங்கியது, எவ்வளவு, எந்தத் துறைமுகத்திலிருந்து என்று பதிவு வேண்டும். குஞ்சு வாங்க ஆள் இல்லை என்றால் குஞ்சைக் கரைக்குக் கொண்டு வருவதில் லாபம் இல்லை. லாபம் இல்லாததை யாரும் டீசல் எரித்துப் பிடிக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் சில படகுகளில் சங்காயக் காசு வேலையாட்களின் கைச்செலவுக்குப் போகிறது. அதை ஒரே நாளில் நிறுத்தினால் அடிபடுவது அவர்கள்தான், படகு முதலாளி அல்ல. அவர்களுக்கு என்ன வழி என்பதும் விதியோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

ஒரு முனையில் மட்டும் அளவு பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கி இறால் சாட்சி. 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்கு எடை வரம்பு வைத்தது, இனத்தைப் பொறுத்து 150 கிராம் முதல் 500 கிராம் வரை. அதற்குக் குறைந்த சிங்கி கப்பல் ஏறாது. ஆனால் கரைக்கு வராமல் இருக்கிறதா? வருகிறது, உள்ளூரில் விற்கிறது, ஓட்டல் தட்டில் பாதி உள்ளங்கை அளவில் உட்கார்ந்திருக்கிறது. பிடிக்கும் இடம், இறக்கும் இடம், வாங்கும் இடம் மூன்றுக்கும் ஒரே அளவு இருந்தால்தான் மீன் தப்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்து நண்பர்கள் உடனே "பொடி மீனே சாப்பிடாதே" என்று பதிவு போட ஆரம்பித்துவிடுவார்கள். நெத்திலி வளர்ந்தாலும் நெத்திலிதான். காரலும் பெரும்பாலும் சின்ன மீன்தான். அவை ஏழைகளின் மீன், பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சொதி வைத்துக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. அவற்றை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். ஒரு சாண் நீளத்தில் "குட்டி வஞ்சிரம்" என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதே மீன் ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. மகாராஷ்டிரா அதற்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 37 சென்டிமீட்டர்.

சுருக்குமடி விவகாரத்தில் நாம் பட்டதை மறந்துவிடக் கூடாது. தடை 2000-ல் வந்தது. இருபது வருடம் கழித்து கடலூர், நாகை, மயிலாடுதுறைக் கரைகளில் ஒரு ஊர் வேண்டும் என்றது, அடுத்த ஊர் வேண்டாம் என்றது, மீனவரும் மீனவரும் எதிரெதிரே நின்றார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்தான் 12 மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. எந்தக் கிழமை கடலுக்குப் போகலாம் என்று டெல்லியில் நீதிபதிகள் எழுத வேண்டி வந்தது. கரையில் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் அது. அளவு விதியும் அறிவிப்பாக மட்டும் வந்தால் அதே கதிதான்.

அதனால் மீன்வளத்துறையிடம் ஒரு கோரிக்கை. வரைவுப் பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள், அந்தந்தக் கரையில் மீனுக்கு வழங்கும் பெயரோடு, படத்தோடு. கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், படகுகள் கடலில் இருக்கிற நாளில் வைக்காதீர்கள். தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் எல்லோரும் கரையில்தான் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அந்தந்தக் கரையின் 61 நாளுக்குள் பழவேற்காடு முதல் நீரோடி வரை துறைமுகம் துறைமுகமாக வந்து உட்காருங்கள். ஏலம் போடும் பெண்களையும் சங்காயம் பிரிக்கும் பெண்களையும் கூப்பிடுங்கள், எந்த மாதம் எந்தக் குஞ்சு வருகிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தடை முடிந்து படகுகள் கிளம்பும்போது மாலுமி கையில் அளவுப் பட்டியலும் படகில் சதுரக் கண் பையும் இருக்கட்டும்.