பார்பி முதுகில் இருக்கும் 1966 தயாரிப்பு ஆண்டு இல்லைங்க

"பார்பியின் முதுகுல 1966னு இருக்கு, அறுபது வருஷப் பழசு, பாதி விலைக்குக் கேக்குற வியாபாரி ஏமாத்துறார்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். ரெண்டுமே தப்பு. இதை நம்பி யாரும் நல்ல வியாபாரியை விரட்டிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

அந்த 1966, உடல் அச்சோட பதிப்புரிமை (©) ஆண்டு. அதே ஆண்டைப் பொறிச்சு, பார்பியைத் தயாரிக்கிற மேட்டல் நிறுவனம் பல வருஷம் பொம்மை செஞ்சது. ஆண்டை விடுங்க, பக்கத்துல இருக்கிற நாட்டுப் பேரைப் படிங்க. ஜப்பான்னா பழசு. மலேசியா, சீனா, இந்தோனேசியான்னா ரொம்பப் பிந்தி வந்தது. எங்க அக்கா பொம்மையை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். 1966க்குக் கீழே பொடி எழுத்துல மலேசியா. அவ முகமே வாடிப்போச்சு.

அசல் அறுபதுகளோடதுன்னாலும் காதைப் பாருங்க. தோட்டு உலோகம் பட்டுப் பச்சை படிஞ்சிருந்தா விலை இறங்கும்.

பாதி விலைக்கு வருவோம். இணையத்துல கேக்குற விலை வேற, வித்த விலை வேற. வியாபாரி சுத்தம் பண்ணி, படம் எடுத்து, தளக் கட்டணம் கட்டி, விக்காததையும் அலமாரியில வெச்சுக்கணும். வித்த விலையில பாதி கிடைச்சா நியாயம்தான். நிறைய பொம்மை இருந்தா, நல்ல நாலஞ்சை மட்டும் தனியா விலை பேசுங்க, மிச்சத்தை மொத்தமாக் கொடுங்க.