இங்க்ரிட் பெர்க்மன் இத்தாலியில் வீணாய்ப் போகவில்லை

இங்க்ரிட் பெர்க்மன் என்றதும் எல்லோரும் 'காசாபிளாங்கா'வுக்குத்தான் போவார்கள். நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய இத்தாலிய வருஷங்களை ஏதோ கிரகணம் பிடித்த காலம் மாதிரி இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அவர் நிஜமாகவே நடிகையானது அங்கேதான்.

1915இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். இரண்டு வயதில் அம்மா போய்விட்டார், பதின்மூன்றில் அப்பாவும். ஸ்வீடனில் பெயர் வாங்கியதும் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் 1939இல் ஹாலிவுட்டுக்கு அழைத்துக்கொண்டார். பெயரை மாற்று, புருவத்தைத் திருத்து, பல்லைச் சரிசெய் என்று ஒரே நச்சரிப்பு. அம்மணி எதற்கும் மசியவில்லை. உடனே அந்த 'இயற்கை அழகை'யே செல்ஸ்னிக் விளம்பரமாக்கிவிட்டார். அப்புறம் கன்னியாஸ்திரீ வேஷம், ஜோன் ஆஃப் ஆர்க் வேஷம். ஜனங்கள் அவரைப் புனிதவதியாகவே நம்பிவிட்டார்கள்.

இத்தாலிய இயக்குநர் ரோபர்த்தோ ரோஸலினியின் படங்களைப் பார்த்துவிட்டு, உங்களோடு வேலை செய்யத் தயார், இத்தாலிய மொழியில் 'தி ஆமோ' (உன்னைக் காதலிக்கிறேன்) மட்டும்தான் தெரியும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். 'ஸ்ட்ராம்போலி'யில் நடிக்கப் போன இடத்தில் காதல். இருவருக்கும் ஏற்கெனவே வேறு துணைகளோடு கல்யாணம் ஆகியிருந்தது. 1950 பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே ஒரு அமெரிக்க செனட்டர் சபையில் எழுந்து அவரைத் தாறுமாறாகத் திட்டினார். நடிகர்களின் ஒழுக்கத்தைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று மசோதா வேறு! ரோஸலினிக்கும் வசவு விழுந்தது, சரி. ஆனால் தொழிலில் விலை கொடுத்தது பெர்க்மன்தான்.

இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் வசூலில் படுத்துவிட்டன. அதனால் என்ன? 'இத்தாலியப் பயணம்' பாருங்கள். விவாகரத்து என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட ஒரு ஆங்கிலேய தம்பதியை, எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பேயின் அகழாய்வுக்கு அழைத்துப் போகிறார்கள். மண்ணுக்குள் உடல்கள் மக்கிப்போய் விட்ட வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி இறுகவிட்டு, சுற்றியுள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிறார்கள். ஒரு கை தெரிகிறது, ஒரு மண்டை தெரிகிறது. கடைசியில், எரிமலை சாம்பலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தபடி செத்துப்போன ஒரு ஆணும் பெண்ணும். மனைவியாக வரும் பெர்க்மனால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே விலகிப் போகிறார். ஹாலிவுட் அழுகை என்றால் கண்ணீர் ஒழுங்காக ஒரு சொட்டு வழியும். இங்கே ஒரு மனுஷி சட்டென்று உடைகிறாள், அவ்வளவுதான். அந்தப் படத்தில் முழு ஸ்கிரிப்டைக் கையில் கொடுக்காமலே நடிக்கவைத்தார் ரோஸலினி. உடன் நடித்த ஜார்ஜ் சாண்டர்ஸ் நொந்துபோனார்.

ரோஸலினி படமெடுக்க இந்தியா வந்து, 1957இல் ஒரு வங்காள இயக்குநரின் மனைவியான சோனாலி தாஸ்குப்தாவோடு பெயர் அடிபட்டது. அதோடு பெர்க்மனுக்கும் அவருக்குமான கல்யாணம் முடிந்தது. அதே வருஷம் 'அனஸ்தேசியா'வுக்கு ஆஸ்கர் கொடுத்து, 'திரும்பி வந்துவிட்டார்' என்று ஹாலிவுட் பெருமைப்பட்டுக்கொண்டது. என்னவோ இவர்கள் மன்னித்த மாதிரி!

இத்தாலியில் கற்றது வீண்போகவில்லை என்பதற்கு 1978இல் வந்த 'இலையுதிர்கால சொனாட்டா' போதும். இயக்கம் இங்மர் பெர்க்மன் (பெயர்தான் ஒன்று, சொந்தம் கிடையாது). மகளாக லிவ் உல்மன். மகள் ஷோப்பானின் பிரெலூட் (சின்ன பியானோ உருப்படி) ஒன்றை வாசிக்கிறாள். பியானோ மேதையான அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறார். பாசம், பொறுமையின்மை, 'ஐயோ, இப்படி வாசிக்கிறாளே' என்ற கூச்சம், எல்லாம் முகத்தில் மாறி மாறி ஓடுகிறது. அப்புறம் அம்மாவே உட்கார்ந்து, எப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டும்போது, இரண்டு முகமும் ஒரே சட்டகத்தில். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மா என்ற பழியை நிஜ வாழ்க்கையிலேயே சுமந்தவர் அவர். மூத்த மகள் பியாவை வருஷக்கணக்கில் பிரிந்திருந்தார். அதை எல்லாம் தெரிந்தே இந்த வேஷத்தை ஏற்றிருக்கிறார். உடம்பில் புற்றுநோய் வேறு.

அந்த நடிப்புக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை, பரிந்துரையோடு சரி. கிடைத்த மூன்றில் கடைசி ஒன்று 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில் வந்த சின்ன வேஷத்துக்கு. இது போட்டியில் இருந்த இத்தாலிய நடிகை வலெந்தினா கோர்த்தேசேவுக்குப் போயிருக்க வேண்டியது என்று மேடையிலேயே சொன்னார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.