ஐபி68 போனை அருவிக்கு அடியில் பிடிக்கலாமா?

சீசன் தொடங்கினாலே செங்கோட்டை, புளியரை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: விலை கூடிய போனில் ஐபி68 (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண்) இருக்கிறது, அதனால் பாலருவியில் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று வீடியோ எடுக்கலாம், கெட்டுப்போனால் கம்பெனி இலவசமாக மாற்றித் தரும். இரண்டுமே தப்பு, தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்த எண்ணில் முதலில் வரும் 6 என்பது தூசிக்கு, இரண்டாவதாக வரும் 8 என்பது நீரில் மூழ்குவதற்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்கிறார். ஐபோன் 15 ப்ரோவுக்கு 6 மீட்டரில் 30 நிமிடம், கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவுக்கு 1.5 மீட்டரில் 30 நிமிடம், அதுவும் ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில். அருவி அப்படியா விழுகிறது? வேகமாகப் பீய்ச்சும் நீருக்கான சோதனையே வேறு, அதற்கு அந்த இரண்டாவது இடத்தில் 5, 6, 9 என்று தனி எண்கள் உண்டு, 8 வாங்கிய போன் அவற்றிலும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்புறம், உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் பசையும் ரப்பரும் நாள்பட நாள்பட தளர்ந்துவிடும், ஒருமுறை கீழே விழுந்த போன், டிஸ்ப்ளே மாற்றிய போன் என்றால் கேட்கவே வேண்டாம்.

வாரண்டி? தண்ணீரால் வந்த சேதம் பொதுவாக அதில் சேராது. சிம் தட்டு இருக்கும் துளைக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் ஒரு சின்ன அடையாளம் பல போன்களில் இருக்கிறது, சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, நனைந்துவிட்டதா? சார்ஜ் போடாதீர்கள், சார்ஜ் போடும் துளை கீழே பார்க்கும்படி மெல்லத் தட்டிக் காற்றில் உலர விடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது, அதன் துகள்கள் உள்ளே போய்விடும்.