வெப்பத்தை மட்டும் குறை சொன்னால் போதுமா?

வெள்ளை ஒயின் சீக்கிரமே பழுப்பாகிக் கெடுவதற்குச் சிங்கப்பூர் வெப்பம்தான் காரணம் என்று ஒரு கட்டுரை முடித்துவிட்டது. வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தால் கெடும், சரி. ஆனால் குளிர்ந்த நிலவறையை விட்டு நகராத, பிரான்சின் பர்கண்டி வட்டார வெள்ளை ஒயின்களும் 1990களின் நடுப்பகுதி விளைச்சலிலிருந்து இப்படித்தானே கெட்டன? அதிலும் ஒரே பெட்டியில் ஒரு போத்தல் அருமையாக இருக்கும், பக்கத்துப் போத்தலில் அழுகிய ஆப்பிள் வாடை வரும். வெப்பம் என்றால் பெட்டி முழுக்க அல்லவா கெட வேண்டும்? அதனால்தான் பலரும் போத்தலை அடைக்கும் கார்க்கைச் சந்தேகித்தார்கள்.

முன்பு கார்க்கைக் குளோரினால் வெளுத்தார்கள். அது பூஞ்சை வாடை தரும் டிசிஏ என்ற சேர்மம் உருவாக வழிவிட்டதால் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள். கழுவிய பிறகும் பெராக்சைடு கொஞ்சம் தங்கிவிட்டால், ஒயினைக் காக்க வேண்டிய சல்பர் டை ஆக்சைடை அது தின்றுவிடும். மேலே பூசும் பாரஃபினோ சிலிகானோ சீராகப் படியாவிட்டால், கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவே காற்று நுழையும். மொத்தப் பழியும் கார்க்குக்கு என்று சொல்ல மாட்டேன். சல்பரைக் குறைத்தது, பீப்பாயின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலை அடிக்கடி கிளறியது என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன.

இங்கே மதுவுக்குத் தீர்வை வரி வேறு அதிகம். அதனால் பர்கண்டி வாங்குவோர் டியாம் கார்க் போட்டதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கார்க்கைத் தூளாக்கி, உயர் அழுத்தக் கரியமில வாயுவால் சுத்தம் செய்து, ஒட்டிச் செய்வது அது. போத்தலுக்குப் போத்தல் வித்தியாசம் குறைவு. பார்க்க அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.