படம் போடுவதற்கு எதற்கு முதுகலைப் பட்டம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டருகே உள்ள ஒட்டுக்கடையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் என் தந்தையோடு வேலை செய்த மாமா ஒருவர், "ஏம்மா, படம் போடுறதுக்குமா மாஸ்டர் படிக்கணும்?" என்று கேட்டார். இல்லஸ்ட்ரேஷன் என்னும் விளக்கச் சித்திரத்தில் நான் முதுகலை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. கடையில் பாதியில் நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

மாமாவின் கேள்வியில் நியாயம் உண்டு. நம் பேராக் மண்ணில் கோப்பேங் பக்கம் 1951இல் பிறந்த லாட், பள்ளி நாள்களிலேயே கேலிச்சித்திரங்களை வெளியிடத் தொடங்கியவர். இலண்டன் ஓவியப் பள்ளி ஒன்றில் அவர் பெற்ற பயிற்சியும், பத்திரிகையில் சேர்ந்த பிறகு, 1975இல் சில மாதங்களுக்கு மட்டுமே. என் தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளில் நான் பார்த்து வளர்ந்த ஓவியர்கள் மணியமும் கோபுலுவும் முதுகலை என்ற பேச்சே இத்துறையில் இல்லாத காலத்தவர்கள். கைத்திறன்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு நல்ல ஆசிரியரும் ஓயாத உழைப்பும் போதும்; பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் கைத்திறன் வேறு, விளக்கச் சித்திரம் வேறு. இலண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் விளக்கச் சித்திரத் துறைக்கு 1978 முதல் 1986 வரை தலைமை வகித்த குவென்டின் பிளேக், கேம்பிரிட்ஜில் படித்தது ஓவியத்தை அன்று, ஆங்கில இலக்கியத்தை. அது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை, ஏனெனில் இத்துறையில் பாதி வேலை வாசிப்புதான். எழுத்தில் உள்ளதையே மறுபடி வரைந்தால் அந்தப் படம் எதற்கு என்னும் கேள்வியோடுதான் எங்கள் வகுப்பு ஒவ்வொரு நாளும் தொடங்கியது.

முதல் பருவத்தில், என் பாட்டி பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும் காட்சியை வரைந்து கொண்டுபோனேன். விடியாத இருட்டு, நெற்றி விளக்கு, தலைத்துணி, பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணம் எல்லாம் இருந்தன. நெறியாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வெட்டுக்கோடு ஏன் வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது என்று மட்டும் கேட்டார். பாட்டியின் முகம் வலப்பக்கம் இருந்ததால் கண் அங்கே ஏறட்டும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசாமல் என்னை நூலகத்துக்கு அனுப்பினார். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை என்பதையும், கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஏறத்தாழ 3.5 பாகை சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன என்பதையும், அதனால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும் என்பதையும் அங்கேதான் படித்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு பாட்டிக்குத் தொலைபேசியில் இதை விளக்கியபோது, "கை தானா அப்படித்தான் போகும், இதுக்கெல்லாமா புஸ்தகம்?" என்றார். அதன்பின் கையில் கிடைக்கும் எந்தச் சிறுவர் நூலிலும் முதலில் வெட்டுக்கோட்டைத் தேடும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இறுதிப் படைப்பாக அதே காட்சியை 32 பக்கப் படக்கதையாக விரித்தேன். பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அப்படி இரண்டு மடிப்பு என்பதால் சிறுவர் படக்கதைகளுக்கு இந்த 32 வழக்கமான கணக்கு. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் சீவு விடியுமுன் தொடங்கிவிடுகிறது; ஆகவே என் கதையில் முதல் பத்துப் பக்கங்கள் வெறும் இருட்டு. கறுப்பு மையை அப்படியே பூசினால் அது காடாக இல்லாமல் சுவராக நின்றது. நீர்த்த நீலத்தை அடுக்கடுக்காக ஏற்றி, விளக்கு விழும் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் தாளின் வெள்ளையாக விட்ட பதினோராவது முயற்சியில்தான் பாட்டியின் கை தெரிந்தது. அந்தப் பதினொரு தாள்களுக்குக் கிடைத்த நேரமும், ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்ட ஒரு மனிதரும்தான் நான் கட்டணம் செலுத்திப் பெற்றவை.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. நான் முதலில் விண்ணப்பித்த ஒரு பல்கலைக்கழகம், படம் வரைவது ஆய்வாகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியது. சேர்ந்த இடத்திலும் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்ததால், மலாய் 'மங்குக்' நம் வாயில் 'மங்கு' ஆன கதைக்கே அரைப் பக்க அடிக்குறிப்பு போட்டேன். வெளிநாடு செல்ல எண்ணுபவர்கள், பிரிட்டனில் ஓராண்டுப் படிப்புக்கே கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்நாட்டில் படிப்பவர்கள், ஆய்வு மட்டும், பாடங்கள் மட்டும், இரண்டும் கலந்தது என்ற மூன்று முறைகளில் கலந்ததைக் கேளுங்கள். வரைவதற்கும் எழுதுவதற்கும் அதில்தான் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கிறது.

என் கருத்து இதுதான்: விடாமல் துரத்தும் ஒரு பொருள் கைவசம் இருப்பவர் மட்டுமே இந்தப் படிப்புக்குப் போக வேண்டும், இளங்கலை முடித்த மறுமாதமே போகக்கூடாது.

மாமாவின் பேரனுக்கும் இதையே சொன்னேன். அவர் கேள்வி கேட்டதே அவனுக்காகத்தான் என்பது தேநீர் ஆறிய பிறகுதான் புரிந்தது. பையன் இரண்டு ஓவியப் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினான். கோடு நன்றாகவே இருக்கிறது, ஆனால் எல்லாம் கைப்பேசிப் படங்களைப் பார்த்து வரைந்தவை. வருகிற சனிக்கிழமை செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் இடத்துக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு.